உப்புக்காகப் பிறந்த மலைக்கிராமம்

பெங்களூரு அல்சூரில் நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கோலார் தங்கவயல் பக்கம் போகாமல் இருக்காது, தாத்தாக்களைச் சுரங்க வேலைக்குக் கூட்டிவந்த கதை. அதனாலோ என்னவோ, உக்ரைனின் கார்பாத்திய மலையில் இருக்கும் நிமெத்ஸ்கா மோக்ரா என்ற குட்டிக் கிராமம் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1775-இல், ஹாப்ஸ்பர்க் பேரரசை ஆண்ட மரியா தெரேசா காலத்தில், ஆஸ்திரியாவின் சால்ஸ்காமர்குட் பகுதியிலிருந்து ஜெர்மன் பேசும் மரவெட்டிகளைக் குடும்பத்தோடு இங்கே குடியமர்த்தினார்கள். காரணம் உப்பு. கீழே சொலோத்வினோ பக்கம் உப்புச் சுரங்கங்கள், அவற்றுக்கு மரம் வேண்டும், மரமோ மேலே காட்டில். என்ன செய்தார்கள் என்றால், மலை ஓடையை மறித்து மரத்தாலேயே அணை கட்டி, தண்ணீர் நிறைந்ததும் மதகைத் திறந்துவிடுவார்கள். அந்த வெள்ளத்தோடு வெட்டிப்போட்ட கட்டைகள் எல்லாம் தெரெஸ்வா ஆற்றை நோக்கிப் பாய்ந்துவிடும். கில்லாடிகள்!

அப்புறம் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, மறுபடி ஹங்கேரி, சோவியத் என்று, வீட்டை விட்டு நகராதவர்களுக்கே நாடு மாறிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபின் 1946-இல் அந்த வீடும் போச்சு. பல ஜெர்மானியக் குடும்பங்களை சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள், ஊருக்கு கொம்சொமொல்ஸ்க் என்று பேர் வைத்தார்கள். திரும்பி வந்தவர்களிலும் பலர் பிற்பாடு ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். பழைய பேர் திரும்பியது 2016-இல்தான், அதுவும் சோவியத் காலப் பெயர்களை நீக்கச் சொன்ன சட்டத்தால்.