ஏற்காட்டு வளைவுகளும் அம்மாவின் மாத்திரையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஐந்தாவது வளைவிலேயே அம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகரத் தொடங்குவார். குமட்டல் முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரையோ வாந்தியோடு வெளியேறிவிடும். அதைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் அறிந்தோம்.

காதின் உட்பகுதியான உட்காது அசைவை உணர, கண்ணோ அசையாத இருக்கையைக் காண்பதால் எழும் முரண்பாடே பயணக் குமட்டல். 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் என்ற ஒவ்வாமை மருந்தை உட்கொண்ட ஒரு பெண், டிராம் வண்டியில் தமக்கு வரும் குமட்டல் நின்றதைச் சொன்னதிலிருந்தே அம்மருந்தின் இப்பயன் தெரியவந்தது. ஒவ்வாமை மருந்தே ஆனாலும், மூளைக்குள் அதிகம் நுழையாத செட்டிரிசின் இதற்கு உதவாது. நுழையும் புரோமெத்தசின் போன்றவை உறக்கத்தையும் சேர்த்தே தருகின்றன. ஆகவே வண்டி ஓட்டுபவர் அவற்றைத் தொடவே கூடாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

சென்ற ஆண்டு படுக்கையில் புரண்டபோது அம்மாவுக்கு அறையே சுழன்றது. அதே மாத்திரையை எடுக்கப் போனேன். மருத்துவரோ, உட்காதில் துகள்கள் இடம் மாறியுள்ளன என்று கூறி, தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, மெல்ல மறுபக்கம் திருப்பி எழுப்பினார். சுழற்சி நின்றது. இவ்வகைத் தலைச்சுற்றலுக்கு மாத்திரை தீர்வல்ல; அதை நாள்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் மூளை சமநிலையை மீட்பதும் தாமதமாகும் என்றார்.