படம் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டால் போதாது

நாடகப் பட்டறை, பறை முகாம், சுவரோவியம், கோடை விடுமுறைக் கதைசொல்லல் என்று சென்னையில் எது நடந்தாலும் அதைப் படம் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 'டாக்குமென்டேஷன்' என்பார்கள். பெரும்பாக்கம், கண்ணகி நகர், வியாசர்பாடி பக்கம்தான் வேலை அதிகம். போனதும் ஒருங்கிணைப்பாளரிடம் "எல்லார்கிட்டயும் பர்மிஷன் வாங்கியாச்சா?" என்று கேட்பேன். "அதெல்லாம் ஃபார்ம்லயே இருக்கு மேடம்" என்று பதில் வரும்.

அந்த ஃபார்ம் எப்படி இருக்கும் தெரியுமா? பெயர், வயது, முகவரி, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், சாப்பாடு சைவமா அசைவமா. அதற்கும் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: நிறுவனம் என் படத்தை எந்த ஊடகத்திலும் எக்காலத்திலும் பயன்படுத்திக்கொள்ளலாம். வரிசையில் நின்றபடி, பின்னால் இருப்பவர் அவசரப்படுத்த, போட்ட கையெழுத்து அது. அதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. படம் எடுக்கலாமா என்பதற்குப் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் படம் எங்கே போகும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

பெரும்பாக்கத்தில் பெண்களுக்கான ஒரு நாடகப் பட்டறை. வீட்டு வேலைக்குப் போகிற அக்கா ஒருவர், நடிப்பில் அவ்வளவு பேரையும் தூக்கிச் சாப்பிட்டார். கேமராவைப் பார்த்ததும், "நல்லா எடு கண்ணு. ஆனா ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாத" என்றார். ஏன்க்கா என்றேன். "வேலை செய்யுற வீட்ல இன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்தம்மா நாள் பூரா போனும் கையுமாத்தான் இருப்பாங்க."

இந்தக் காரணத்தை எந்த வழிகாட்டி நூலும் எனக்குச் சொல்லியிருக்காது. பறை கற்கும் ஒரு கல்லூரிப் பெண், ஆண்டறிக்கையில் போடலாம், இன்ஸ்டாகிராமிலும் போடலாம், எங்கள் தெரு முனையில் ஃபிளெக்ஸ் மட்டும் வைக்காதீர்கள் என்றாள். உலகமே பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை, பெரியப்பா பார்க்கக் கூடாது. அதனால் இப்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன்: அறிக்கைக்கா, இணையத்துக்கா, பேனருக்கா, பேப்பருக்கா? ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வேண்டாம் என்பவர்களுக்குத் தனி வண்ண ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக உட்காரவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. யார் வேண்டாம் என்றார்கள் என்பதை நான் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

அடுத்த தலைவலி, ஜி.பி.எஸ். கேமரா. நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றாக, தேதி, நேரம், முகவரி, அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே ஒரு குட்டி வரைபடம் எல்லாம் படத்தின் மேலேயே பதிந்து வரவேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். மரம் நட்டதற்கு அது சரி. கணவனின் அடிக்குப் பயந்து வெளியேறிய பெண்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் நடக்கும் ஓவிய வகுப்புக்கு? முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சமாதானம் சொல்வார்கள். கீழே கதவு எண் முதல் பின்கோடு வரை பளிச்சென்று இருக்கும். நான் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. வெளியில் தெரிந்தால் பரவாயில்லாத இடமென்றால் காலி ஹாலை ஜி.பி.எஸ்.ஸோடு எடுத்துவிடுவேன், ஆட்களைச் சாதாரண கேமராவில் எடுப்பேன். இல்லம் மாதிரி இடமென்றால் ஜி.பி.எஸ். படமே கிடையாது, வருகைப் பதிவேடுதான் சான்று. ஒத்துக்கொள்ளாத நிறுவனங்களும் உண்டு. அங்கே நான் போவதில்லை. இன்னொன்று: போனில் இடக்குறிப்பு ஆன் செய்து எடுத்த படத்தின் மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் கோப்புக்குள் இடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

குழந்தைகள் இல்லங்களில் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உடனே நம் ஆட்கள் முகத்தில் ஸ்மைலியையும் பூவையும் ஒட்டிப் போடுகிறார்கள். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் மூஞ்சிமேல மட்டும் ஏன் பூ வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். அவன் வரைந்த யானை பக்கத்தில் அழகாக இருந்தது. யானையையும் அதன் மேல் இருந்த கையையும் மட்டும் எடுத்திருந்தால் பூவுக்கு வேலையே இருந்திருக்காது. அவனுடைய சொந்த முகத்தைப் பிரிண்ட் போட்டு அவன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இல்லத்தில் பேசி அனுமதி வாங்கினேன். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு படம்கூட இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள்.

முகத்தைக் காட்டியும் காப்பாற்றலாம் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் இருக்கும் பெரிய ஓவியம், எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்குதலுக்கு எதிராக வரையப்பட்டது. தொற்றோடு வாழ்பவர்களும் மற்றவர்களும் அதில் கலந்தே இருக்கிறார்கள். யார் எவர் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

குரலைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஒரு பட்டறையில் பாட்டி ஒருவர் ஒப்பாரி பாடினார். பதிவு செய்த இளைஞர் அதை எடுத்து யாரோ ஒருவரின் குறும்படத்துக்குப் பின்னணியாகக் கொடுத்துவிட்டார். "நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்குச் சொந்தம்?" என்றார். பாட்டு ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம், பாடியது அந்தப் பாட்டி. பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது, 50 ஆண்டுகள் செல்லும். நிகழ்த்துநர் யார் யார் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட உண்டு. ஒப்பாரி பாடுகிறவருக்கு மட்டும் இடமில்லாமலா போய்விடும்?

அழுகைக்கு வருகிறேன். நாடகப் பயிற்சியில் பழைய நினைவைத் தோண்டும் ஒரு கட்டம் வரும், யாராவது உடைந்து அழுவார்கள். அப்போது ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்துக் கண் ஜாடை காட்டுவார். நிதி கொடுப்பவருக்கு அனுப்ப அதைவிட நல்ல படம் கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் கேமராவை மடியில் வைத்துவிடுவேன். அந்தப் பெண் அழுவது வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரை நம்பி. பதினோராவதாக ஒரு லென்ஸ் இருப்பது அவர் கணக்கிலேயே இல்லை. அதே காட்சியை மேடையில் நடித்தால் தாராளமாக எடுப்பேன்.

கடைசி நாளில் எல்லாப் படங்களையும் புரொஜக்டரில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை அவர்கள் முன்னாலேயே அழிக்கிறேன். "நல்ல படமெல்லாம் போச்சே" என்று ஒருவர் நொந்துகொண்டார். போகட்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. எதற்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும், அவர்கள் கேட்டால் அந்த விவரத்தைத் தமிழில் தர வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. முழுதாக நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பப் பெறுவதில் அச்சுதான் சிக்கல். இணையத்தில் போட்டதையாவது நீக்கலாம், அச்சாகி ஊர் முழுக்கப் போனதை என்ன செய்வது? அதனால் அச்சுக்கு மட்டும் இரண்டாவது முறையும் கேட்கிறேன். போன முகாமில் ஒரு அம்மா பேனர் வேண்டவே வேண்டாம், காலண்டர் என்றால் சரி என்றார். காலண்டர் வருஷம் முழுக்க எத்தனையோ வீட்டில் தொங்குமே, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். "தெரியும்மா. ஜனவரியில போடு. பொங்கலுக்கு என் நாத்தனார் வருவா."