பல்குச்சி எண்ணாத பையன்

"இவனுக்கு என்ன ஸ்பெஷல் திறமை?"

மாலையில் வீட்டுக்கு வந்த உறவுக்காரர், அக்கா மகனைக் காட்டி என்னிடம் கேட்டார். பையனுக்கு ஆட்டிசம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1988இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் தரையில் கொட்டிய பல்குச்சிகளை, ஆட்டிசம் உள்ளவராக வரும் டஸ்டின் ஹாஃப்மன் ஒரே பார்வையில் 246 என்று சொல்வார். அதிலிருந்து ஆட்டிசம் என்றாலே கணக்குப் புலி என்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்றுதான் பின்னாளில் மருத்துவர்கள் கருதினார்கள்.

ஆட்டிசத்தின் ஒரு வகையாகச் சொல்லப்பட்ட ஆஸ்பெர்கர் என்ற பெயரை இங்கே பலர் முதலில் கேட்டது 2010இல், 'மை நேம் இஸ் கான்' வந்தபோது. ஷாருக் மஞ்சள் நிறத்தைக் கண்டாலே மிரள்வார். எது உடைந்தாலும் சரிசெய்துவிடுவார். நல்ல படம்தான். ஆனால் அவரும் அமெரிக்க அதிபரைப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது!

எங்கள் பையனுக்குக் கணக்கு சுமார்தான்.

புதுச் சட்டை வாங்கினால் காலர் லேபிளை அக்கா முதலில் கத்தரித்துவிடுவாள். சும்மா கத்தரித்தால் போதாது, தையலைப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு நூல் மிச்சமிருந்தாலும் அன்று முழுக்கக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். சாப்பாடு இறங்காது.

இதை எந்தப் படத்தில் காட்டுவார்கள்?

சரி, உறவுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவனே பேசினான்.

"மாமா, நீங்க காபி குடிச்சு முடிச்சாச்சு. எப்போ கிளம்புவீங்க?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரோடு அடுப்படிக்குள் போய்விட்டாள்.