தண்டவாளத்துக்கு மேற்கே

மாம்பலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரங்கநாதன் தெருவும் இரு கைகளிலும் தொங்கும் துணிக்கடைப் பைகளும்தான் நினைவுக்கு வரும். அவை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தியாகராய நகரில் இருப்பவை. நான் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பது தண்டவாளத்துக்கு மேற்கே. இங்கே வாங்க வருபவர்களைவிட வாழ வந்தவர்களே அதிகம்.

1911-இல் இந்த நிலையம் கட்டப்பட்டபோது தியாகராய நகரே இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் வற்றச் செய்து, மனைகளாக்கி, சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். எங்கள் பக்கத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை இன்றும் இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளும் அவற்றில் காயும் வேட்டிகளும்தான் தெரியும். ஏரி போனது, பெயர்ப்பலகைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, மாம்பலத்தில் வீடும் பாரிமுனையில் வேலையுமாகக் காலம் தள்ளுவது எளிதாயிற்று. அந்த வசதிக்கு ஈடாகக் கொசுவையும் யானைக்கால் நோயையும் சகித்துக்கொண்டார்கள். மேற்கு மாம்பலத்தில் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் உண்டென்று பெரியவர்கள் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். மீட்டர் கேஜ் வண்டி 2004-இல் நின்றுபோனது. ஆனால், தெற்கே செல்லும் விரைவு வண்டிகள் பலவும் இங்கே நிற்பதால், கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போக எழும்பூர்வரை அலைய வேண்டியதில்லை என்பது எங்களுக்குச் சிறிய பெருமை.

காசி விசுவநாதர் கோயில், ஆரிய கவுடா சாலையின் அயோத்தியா மண்டபம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கோ இந்தப் பேட்டையின் நடுமுற்றம் நிலையத்தின் நடைமேம்பாலம்தான். மாலை ஆறரை மணிக்கு வண்டி வந்து நின்றதும் படிகளில் ஏறும் கூட்டம் மேலே இரண்டாகப் பிரிகிறது: கிழக்கே இறங்குபவர்கள் வெறுங்கையோடு வேகமாகப் போகிறார்கள், மேற்கே இறங்குபவர்கள் கடைசிப் படியிலேயே வேகம் குறைந்து, முழம் என்ன விலை என்று கேட்கிறார்கள்.

2023-இல் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. மின்தூக்கியும் நகரும் படிகளும் உள்ள அதில் எதிர்வீட்டு மாமியை ஒருநாள் அழைத்துச் சென்றேன். பாதி தூரம் போனதும் நின்று, கீழே நெரியும் கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார். “நன்னாத்தான் இருக்கு. ஆனா வழியில ஒரு கறிவேப்பிலை வாங்க முடியாதே” என்றார். திரும்பும்போது பழைய படிகளிலேயே இறங்கினோம். கீரைக்காரம்மாவிடம் இரண்டு கட்டு முளைக்கீரை மிச்சமிருந்தது.