முதிர்ச்சிக்கு முன்

ஒக்டோபர் 3, வெள்ளவத்தை
"இன்னும் முதிரவில்லை" என்று மட்டும் என் முட்டைகளைப் பற்றிக் கருத்தரிப்புச் சிகிச்சை வைத்தியர் சொன்னார். வீடு திரும்பியதும் உயர்தர வகுப்புக்கு எழுதிய தவளைக் குறிப்புகளைத்தான் எடுத்தேன். செனோபஸ் என்னும் ஆய்வுகூடத் தவளையின் முட்டைக்கலம் 1.2 மில்லிமீற்றர் அளவுக்குப் பருத்து, கருவூணையெல்லாம் சேர்த்துக்கொண்ட பின்பும், நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் தொடக்கக் கட்டமான முதலாம் முன்னவத்தையிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே சைக்கிளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு மிகுந்திருக்கும்வரை, புரதங்களில் பொஸ்பேற்றை ஏற்றும் நொதியான புரதக் கைனேஸ் ஏ அதனை நகர விடுவதில்லை.

ஒக்டோபர் 4
ஊசி. போட்ட இடம் கன்றிப்போயிருக்கிறது.

ஒக்டோபர் 6
1977இல் மல்லர், கிரெப்ஸ் என்னும் ஆய்வாளர்கள் தவளை முட்டையில் செய்த பரிசோதனை மனதை விட்டு அகலவில்லை. கைனேஸ் ஏ-யை முடக்கும் புரதத்தை உட்செலுத்தினால், முதிர்வைத் தொடக்கும் ஓர்மோனான புரோஜெஸ்டிரோன் இல்லாமலே முட்டை முதிர்கிறது. அதே கைனேஸின் வினையூக்கிப் பகுதியைச் செலுத்தினாலோ, புரோஜெஸ்டிரோன் இருந்தும் அசைவதில்லை. அப்படியானால் ஓர்மோன் செய்வது தள்ளுவதன்று, பிடியைத் தளர்த்துவதே. மனிதரில் தொடக்கி வைப்பது வேறு ஓர்மோன். பிடித்து வைத்திருப்பது மட்டும் அதே சைக்கிளிக் ஏஎம்பி. அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளை, படிச்சது காணும், படு" என்றார்.

ஒக்டோபர் 7
தாதி "பாதிக்குப் பாதி" என்றார். அந்தச் சொல் நாள் முழுவதும் உறுத்தியது. பிடி தளர்ந்ததும், சேமித்து வைத்த ஆர்என்ஏயிலிருந்து மோஸ் என்னும் கைனேஸ் உருவாகிறது. மோஸ் மெக் என்னும் கைனேஸையும், மெக் மாப் கைனேஸையும் தூண்ட, மாப் கைனேஸ் திரும்ப மோஸையே பெருக்குகிறது. 1998இல் ஃபெரெலும் மாக்லெடரும் முட்டைகளைத் தனித்தனியாகச் சோதித்தபோது, இடைப்பட்ட அளவு ஓர்மோனில் சில முட்டைகள் முழுமையாகத் தூண்டப்பட்டிருந்தன, மற்றவை சற்றும் தூண்டப்படவில்லை. கலந்து அளந்தால்தான் பாதி என்று தோன்றும். தனி ஒரு முட்டைக்குப் பாதி என்பது கிடையாது.

ஒக்டோபர் 8
இன்று கோபமில்லை. மயிட் 1 என்னும் கைனேஸ் ஏற்றி வைத்த பொஸ்பேற்றை சிடிசி 25 என்னும் நொதி அகற்ற, கலப்பிரிவை நடத்தும் சிடிகே 1 விழித்துக்கொள்கிறது. கருமென்சவ்வு கரைய, முட்டையின் கரிய பாதியின் உச்சியில் வெள்ளைப் புள்ளியொன்று தெரிகிறது. வெறுங்கண்ணுக்கே தெரியுமாம். எங்களுக்கு ஸ்கேன் திரையின் கறுப்பு வட்டங்கள் மட்டுந்தான்.

ஒக்டோபர் 9
இரவு பத்து மணிக்குக் கடைசி ஊசி, பிந்தக்கூடாது என்று தொலைபேசியில் இரண்டுமுறை சொன்னார்கள். முதிர்ந்த தவளை முட்டையும் ஒடுக்கற்பிரிவின் இரண்டாம் சுற்றின் நடுக்கட்டமான இரண்டாம் அனுவவத்தையில் மறுபடி நிறுத்தப்படுகிறது. நிறுத்துவது, அதனை நகர்த்திய அதே மோஸ்தான். விந்து நுழைந்து கல்சியம் உயர்ந்து, கல்சியத்தால் தூண்டப்படும் காம் கைனேஸ் 2, மோஸ் நிலைநிறுத்திய எமி 2 என்னும் தடைப் புரதத்தை அழிவுக்கு அனுப்பும்வரை அது அங்கேயே நிற்கும். இவர் ஊசியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். மணி ஒன்பது ஐம்பது.