வால்வு திறந்தது, தண்ணீர் வரவில்லை

ஒருவழியாக வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் குழாய்களின் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டேன். ஒரு மணி நேர வேலை என்று காலை பத்துக்கு உட்கார்ந்தவன், முட்டி வலியோடு எழுந்தபோது மணி மூன்று.

லண்டன் புறநகரில் 1930-களில் கட்டிய வீடு. காம்பி (தொட்டி தேவைப்படாத பாய்லர்) கிடையாது, பரணில் குட்டித் தொட்டி வைத்த பழைய ஏற்பாடு. மாடி ரேடியேட்டர் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) மேலே சுடும், கீழே சில்லென்று கிடக்கும். அடியில் கசடு என்று புரிந்துவிட்டது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வடிக்க இறங்கினேன். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, தொட்டி மறுபடி நிரம்பாமல் மிதவையை ஒரு கட்டையில் கட்டி, ஹோஸை மாட்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

வினை வடிகால் வால்வில் இருந்தது. சதுரத் தலையில் ஸ்பேனர் வைத்து நாலு சுற்று சுற்றியும் ஹோஸில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தாவது சுற்றில் வந்தது, ஆனால் ஹோஸுக்குள் இல்லை. திருகின் மறை வழியாகக் கசிந்து நேரே கம்பளத்துக்கு! எங்களுடையது கிளாண்ட் நட் (திருகைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் நட்) இல்லாத மலிவு ரகம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் வருஷக்கணக்கில் அழுந்தி ஒட்டிக்கொண்டால், திருகு மட்டும் பின்வாங்கும், வாஷர் அசையாது. ஹோஸைக் கழற்றி, கோட் ஹேங்கர் கம்பியை வளைத்து வால்வின் வாய் வழியே குத்தினேன். ஏழெட்டுக் குத்துக்குப் பிறகு பிய்த்துக்கொண்டு வந்தது பாருங்கள், மை மாதிரி கறுப்பு. ஹோஸைத் திரும்ப மாட்டுவதற்குள் அரை வாளி தரையில்.

மனைவி பழைய துண்டுகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஆள் கூப்பிட்டா எவ்வளவு கேட்டிருப்பான்?" என்றாள். பதில் சொல்லவில்லை.

அப்புறம் மாடியிலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டராக, காற்று உள்ளே போக அதன் காற்றுத் திருகைத் திறந்ததும் கடகடவென்று இறங்கியது. ஹோஸின் மறுமுனை சமையலறைக் கழிவுநீர்க் குழியில்; மழைநீர் வடிகாலில் இதை விடக் கூடாது. வாளியின் அடியில் தங்கிய கசடில் காந்தத்தை வைத்தேன், மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. அத்தனையும் ரேடியேட்டர் துருதான். பாய்லர் மூடியை நான் தொடவில்லை. அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர் வேலை.

புது வால்வு வாங்கியாயிற்று, இந்தத் தடவை கிளாண்ட் வைத்தது. சில பவுண்டில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. நிரப்பும்போது ஊற்ற சென்டினல் எக்ஸ்100 என்ற துருத்தடுப்பு மருந்து ஒரு லிட்டர் வைத்திருக்கிறேன். 100 லிட்டர் தண்ணீருக்குப் போதும், எங்களுக்குத் தாராளம். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைக்கவும் ஆசை. அதற்கு இடம் அளந்துகொண்டிருந்ததில், எதற்காக வடித்தேனோ அந்த மாடி ரேடியேட்டரை இன்னும் கழற்றவே இல்லை. பிள்ளைகள் ஸ்வெட்டரில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்கிறார்கள்.