ஈரான் விருந்தினருக்கு இரவுச் சாப்பாடு

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு, நியமனக் கடிதத்தில் எழுதப்படாத வேலை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குவோர் வரும்போது அவர்களுக்கு இரவு என்ன சமைப்பது என்று முடிவு செய்யும் வேலை அது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நீலகிரியில் குளிரும் வறட்சியும் சேர்ந்து கொழுந்தின் வளர்ச்சியை மெதுவாக்குவதால் தேயிலையில் மணம் கூடும். வாங்குவோர் மலையேறி வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஆர்த்தடாக்ஸ் முறையில் சுருட்டப்படும் இலைத் தேயிலைக்கு ரஷ்யாவும் ஈரானும் நெடுநாளைய வாடிக்கையாளர்கள் என்பதால், ஒரு ஜனவரியில் ஈரானிலிருந்து சிலர் வருகிறார்கள் என்ற செய்தி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வியப்பாக இல்லை. சாப்பாடு பற்றிய பேச்சு தொடங்கியதும், "முஸ்லிம்கள்தானே, பிரியாணி போட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்னதும் எனக்கு வியப்பாக இல்லை.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கணக்கு ஊறிப் போயிருக்கிறது. ஆம்பூர் பிரியாணியையோ திண்டுக்கல் பிரியாணியையோ குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஈரானியச் சமையலில் மிளகாய்க்கு ஏறக்குறைய இடமே இல்லை. அங்கே குங்குமப்பூ, மஞ்சள், உலர்ந்த எலுமிச்சை, மாதுளை, அக்ரூட், கட்டுக்கட்டாகக் கீரை, இவற்றின் மேல்தான் சுவை எழும்புகிறது. காரமும் கரம் மசாலாவும் ஏறிய சோற்றை மரியாதைக்காக இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவரை, உபசரிக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது? தொழில் சார்ந்த காரணமும் ஒன்று இருந்தது. மறுநாள் காலை அவர்கள் கிண்ணம் கிண்ணமாகத் தேநீரை உறிஞ்சிச் சுவைத்துத் துப்பி, எந்த ரகத்துக்கு என்ன விலை தரலாம் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் நாள் இரவின் மிளகாயும் பச்சைப் பூண்டும் காலையில் நாக்கில் மிச்சமிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல.

முதலில் விலக்க வேண்டியவற்றை எழுதினேன். பன்றி இறைச்சியும் மதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆட்டிறைச்சியைச் சந்தையில் வழக்கமாக வாங்கும் பாய் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். அது ஹலால் என்பதை விருந்தினர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் கேட்கக் கூச்சப்படுகிறவர் பேசாமல் காய்கறியோடு நிறுத்திக்கொள்வார். மீனில் பலர் அறியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஈரானியர்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷியா மரபில் செதில் உள்ள மீனுக்கே அனுமதி. செதில் இல்லாவிட்டாலும் இறாலுக்கு அனுமதி உண்டு, நண்டுக்கும் சுறாவுக்கும் கெளுத்திக்கும் கிடையாது. எங்கள் சமையல்காரர் பெருமையோடு செய்யும் சுறாப்புட்டு அந்த ஒரு விதியில் பட்டியலை விட்டு வெளியேறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் கடல் மீனை நம்பாமல், மீனையே விட்டுவிட்டோம்.

மது விஷயத்தில் எங்கள் பக்கத்து அதிகாரி ஒருவருக்கு ஐயம் இருந்தது. வெளிநாடு வந்தால் சிலர் குடிப்பார்களே, தனியாகக் கேட்டுப் பார்க்கலாமே என்றார். சக ஊழியர்களோடு வந்திருக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே அவரைச் சங்கடத்தில் நிறுத்துவதாகும் என்று நான் சொன்னேன். மேசையில் அது இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

விலக்க வேண்டியவை முடிந்த பிறகு வைக்க வேண்டியவை பற்றிய பேச்சு வந்தது. உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்கியது. சமையல்காரர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர்.

"சார், அவங்க ஊர்ல சாப்பிடறதையே நாம செஞ்சு குடுத்தா சந்தோஷப்படுவாங்கல்ல?" என்று கேட்டார்.

"அண்ணே, உங்க அம்மா வைக்கிற குழம்ப வேற நாட்டுக்காரர் ஒருத்தர் வச்சுக் குடுத்தா என்ன சொல்லுவீங்க?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன். ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன்."

அந்தப் பதிலோடு அக்ரூட்டும் மாதுளைச் சாறும் சேர்த்துச் செய்யும் அவர்களுடைய கோழிக் குழம்பை முயன்று பார்க்கும் எண்ணம் கைவிடப்பட்டது. இதற்கு எதிர்ப்பக்கத்து யோசனையும் இருந்தது: வாழையிலை போட்டு, நம் பெருமை தெரியும்படி இருபது வகைகளை வரிசையாகப் பரிமாறுவது. அதுவும் எனக்கு உவப்பாக இல்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் விளக்கம் சொல்லி, எதை எதோடு பிசைய வேண்டும் என்று பாடம் நடத்தினால், நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று களைத்தவர் இரவிலும் மாணவராகத்தான் உட்கார வேண்டியிருக்கும். யாரிடமும் எதையும் கேட்காமல் பசி தீரச் சாப்பிட முடிய வேண்டும் என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஆகவே நாம் அன்றாடம் சாப்பிடுகிறவற்றில் அவர்களுடைய பழக்கத்துக்கு ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவற்றைத் தேடத் தொடங்கினோம்.

தேடினால் நிறையவே கிடைக்கின்றன. ஈரானியர் சோறு சமைக்கும் முறை நம் வடித்த சோற்றுக்கு அருகில் நிற்கிறது. நிறையத் தண்ணீரில் அரைப்பதமாக வேகவைத்து, கஞ்சியை வடித்து, நெய்யோ எண்ணெயோ விட்ட பாத்திரத்தில் மறுபடியும் கொட்டி, மூடிச் சிறு தீயில் தம்மில் விடுவார்கள். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் சோறு அங்கே விருந்தினருக்கு முதலில் நீட்டப்படும் பண்டம். நம் வீடுகளில் அதையே அடிப்பிடித்துவிட்டது என்று சுரண்டி ஊறப் போடுகிறோம். அரிசி பாஸ்மதியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம், ஈரான் இந்தியாவிலிருந்து பெருமளவில் வாங்குவதும் அதைத்தான். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளிக் கணக்கில் அடுப்பை அணைத்தால் அரிசியின் நடு வேகாமல் நிற்கும். இதைச் சமையல்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆட்டிறைச்சியோடு கொண்டைக்கடலையும் வெள்ளை பீன்ஸும் உருளைக்கிழங்கும் உலர்ந்த எலுமிச்சையும் சேர்த்து வெகுநேரம் வேகவைக்கும் ஆப்கூஷ்த் என்ற உணவு ஈரானில் எளிய வீடுகளிலும் வழக்கம். எங்கள் மலையில் படகர் வீடுகளில் அவரையையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். எங்கள் உதவி மேலாளர் படகர். தம் வீட்டிலிருந்து அவரையைக் கொண்டுவந்து, பக்குவத்தையும் சமையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஆட்டிறைச்சியைச் சேர்த்து, மிளகாய்த் தூளைக் கிள்ளுக்குமேல் போகாமல் நிறுத்தி, புளிப்புக்கு உப்பு நார்த்தங்காயைச் சிறிதாக நறுக்கிப் போட்டபோது அது நம் குழம்பாகவே இருந்தது. சைவம் சாப்பிடும் எங்கள் ஆட்களுக்காக இறைச்சி சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் ஒரு பங்கு வைத்தோம். வெந்தயக்கீரை அவர்களுக்குப் பழகிய கீரை என்பதால் ஒரு கூட்டும் இருந்தது. பச்சையாகவே புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள், முள்ளங்கி இவற்றை ஒரு தட்டில் வைத்துச் சாப்பாட்டோடு கடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நீலகிரித் தோட்டங்களில் இவை எல்லாமே விளைகின்றன, காய்ச்சி ஆறிய நீரில் கழுவிவைக்கும் வேலை ஒன்றுதான் எங்களுடையது.

தயிர்தான் படுத்தியது. சாப்பாட்டோடு தயிரும், உப்பும் புதினாவும் போட்ட மோரும் அவர்களுக்கு நம்மைப் போலவே தேவை. ஆனால் ஜனவரி இரவில் குன்னூரில் பால் உறையாது. வெதுவெதுப்பாகப் புரை குத்தி, ஹாட் பாக்ஸில் வைத்து, கம்பளியைச் சுற்றி அடுப்பங்கரையில் விட்டு வைத்தார் சமையல்காரர். அதே குளிர் மேசையிலும் வேலை காட்டும்: சோற்றின் மேல் விட்ட நெய் தட்டிலேயே உறைந்துவிடும், இறைச்சிக் கொழுப்பு உதட்டில் மெழுகாக ஒட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்துவிடுவது அவர்களுடைய முறையாதலால், தட்டுகளைச் சூடாக்கி வைத்து, குழம்பையும் சோற்றையும் வெந்நீர்த் தட்டத்தின்மேல் நிறுத்தினோம். அவர்கள் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள், கத்தி வைக்கவில்லை.

பரிமாறும் பையனிடம் ஒன்றை மட்டும் சொல்லி வைத்தேன்: அவர்கள் முதல் தடவை வேண்டாம் என்பதை நம்பிவிடாதே. உபசாரத்துக்காக இரண்டு மூன்று முறை மறுப்பது ஈரானியர்களின் நெடுநாள் நாகரிகம். நம் கிராமத்துச் சம்பந்தி விருந்துகளைப் பார்த்து வளர்ந்த அவன், "நம்ம ஊரு மாதிரியே சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் தேநீர். அவர்கள் பால் சேர்ப்பதில்லை. கண்ணாடிக் குவளையில் நிறம் தெரிய வேண்டும், சர்க்கரைக் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்கள். நாங்கள் கற்கண்டு வைத்தோம், அங்கேயும் குங்குமப்பூ இட்ட கற்கண்டு உண்டு. கூடவே ஊட்டி வர்க்கி வைக்கலாம் என்றபோது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே என்று எல்லோரும் உற்சாகப்பட்டார்கள். எந்தக் கொழுப்பில் செய்தது என்று பேக்கரியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே அது தட்டுக்கு வந்தது. எந்தத் தேயிலையைப் போடுவது என்பதில் மட்டும் நான் தலையிடவில்லை, அதை எங்கள் சுவைஞரிடமே விட்டுவிட்டேன்; மறுநாள் காலை மேசைக்கு வரவிருந்த ரகங்களில் ஒன்றையும் எடுக்காமல், அதற்குச் சற்றுக் கீழான ஒன்றையே அவர் தேர்ந்தெடுத்தார்.